பெயர் எரிந்துபோன கேக்

"இன்னாமா இது, தபாலா?" என்று கேட்டான் துரை.

சாந்தோமில் எங்கள் தெருமுனை பேக்கரியின் பின்வாசல் அது. ரொட்டி சுட்டு முடித்த சாயங்கால நேரம். விறகடுப்பின் வாய் திறந்திருந்தது. துரை அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்பவன். இடுப்பில் ஈரத்துண்டும் கையில் நீளமான மரத்துடுப்புமாக நின்றிருந்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என் கையில் வட்டமான கறுத்த டின், அதற்குள் கேக் மாவு. டின்னைச் சுற்றிச் சணல் கயிறு. கயிற்றில் ஒரு சீட்டு.

சீட்டில் நான் எழுதியிருந்தவை: பெயர், வீட்டு எண், தெரு, ஒப்படைத்த நாள், உள்ளே இருக்கும் பொருள். கீழே கையொப்பம்.

"அடையாளத்துக்கு" என்றேன்.

"அல்லாரும் மேல முந்திரி குத்துவாங்கோ, கம்பி கட்டினு வருவாங்கோ. நீ இன்னாடான்னா விலாசம் எழுதினு வந்துகீற. அடுப்புக்குள்ள போஸ்ட்மேன் வரமாட்டாரும்மா."

"நீ வைப்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"காயிதம்மா."

"சாதாரணக் காகிதம் இல்லை. கெட்டி அட்டை."

துரை என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு டின்னை வாங்கி, மற்ற டின்களோடு வரிசையில் வைத்தான்.

அரசு வேலையிலேயே தலை நரைத்தவளுக்கு, ஒரு பொருள் சீட்டு இல்லாமல் இன்னொருவர் கைக்குப் போவது கற்பனைக்கு எட்டாத காரியம். சீட்டு எரியும் என்பது அதைவிட எட்டாதது. எங்கள் அலுவலகத்தில் காகிதங்கள் தொலைந்திருக்கின்றன. கறையான் அரித்திருக்கிறது. ஒருமுறை எலி குட்டியே போட்டிருக்கிறது. எரிந்ததாகத் தகவல் இல்லை.

ஜாடி

இந்தத் தொடரில் என் அக்கா லூர்துவைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. மாற்றல் உத்தரவுகளுக்கும் மேலதிகாரிகளுக்கும் வாரக்கணக்கில் பக்கம் ஒதுக்கிவிட்டேன். வீட்டில் இருந்தவளுக்கு இடமில்லாமல் போயிற்று. அவள் இருந்திருந்தால், "அதான் நல்லது, என்ன விட்டுடு" என்றிருப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் கிழவிகளானோம். ஏன் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கும் வாசகர்களுக்கு: அது வேறு அத்தியாயம். அதை எழுதும் உத்தேசமும் இல்லை. நான் அலுவலகம் போனேன். அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். எங்கள் இருவரில் யாருக்கு ஓய்வு உண்டு, யாருக்கு இல்லை என்பது நான் ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

அக்டோபரில், ஜெபமாலை மாதம் பிறந்ததும், அக்கா கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். முன்னால் பலகை, சின்னக் கத்தி, திராட்சை, பேரீச்சம்பழம், பாகில் போட்ட இஞ்சி, தானே சர்க்கரைப் பாகில் காய்ச்சி உலர்த்திய ஆரஞ்சுத் தோல். ஒரு காய்ந்த திராட்சையை நான்காக நறுக்குகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

"அக்கா, வாய்க்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?"

"உனக்கு ஒண்ணுதான். நீ ஆபீஸ் கேன்டீன்ல சாப்ட்டு வளந்தவ."

கடையில் விற்கும் சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டியை அவள் வாசற்படி ஏறவிட்டதில்லை. "பப்பாளிக் காய்க்குச் சாயம் அடிச்சு விக்கிறான், அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு!" செர்ரி என்று கண்ணாடிப் புட்டியில் வருவது களாக்காய் என்பதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். படித்தவள் என்ற முறையில் நான் அதுவரை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நறுக்கியது எல்லாம் ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் போகும். அதன் மேல் ரம்.

ரம் கொள்முதல்

மயிலாப்பூர்ப் பக்கத்தில் இரண்டு கன்னிப்பெண்கள், அதிலும் ஒருத்தி அரசு ஊழியை, ஆண்டுதோறும் ஒரு புட்டி ரம் வாங்குவது எப்படி? இதற்கு நடைமுறை எதுவும் வகுக்கப்படவில்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போகலாம். கடைக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் நம் தெருவைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் நம் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள்.

நந்தனத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ராணுவக் கேன்டீனில் பங்கு உண்டு. அவர் புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துணிப்பை, அந்தப் பையின் வாயில் முருங்கைக் கீரை என்று ஏற்பாடாக எடுத்துவந்து தருவார். எல்லைப் பாதுகாப்பில் கழித்த வாழ்க்கை வீண்போகவில்லை என்று தோன்றும்.

வாங்கி வைத்ததும் அக்கா புட்டிக்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். பாவத்துக்கா, பழத்துக்கா என்று நான் கேட்டதில்லை.

தீர்ப்பு

கேக் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்து, முதல் துண்டை வெட்டி என் கையில் கொடுத்துவிட்டு அக்கா கேட்பாள்: "எப்படி இருக்கு?"

"பரிசீலனையில் இருக்கு" என்பேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு தினம் ஒரு துண்டு. தினம் அதே கேள்வி, அதே பதில். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரும். அன்று கடைசித் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நான் எழுந்து நின்று சொல்வேன்: "நல்லாயிருந்தது."

"இதைச் சொல்ல இத்தனை நாளாடி உனக்கு?"

"கடைசித் துண்டு தீர வேண்டாமா?"

அக்கா கரண்டியை ஓங்குவாள். அத்தோடு எங்கள் வீட்டில் பண்டிகைக் காலம் முடிந்ததாக அர்த்தம். மறுநாள் குடிலைப் பிரித்து, மாட்டையும் கழுதையையும் வைக்கோலில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைப்போம்.

நகரத்துக்குப் பெயர் மாறிய காலத்தை ஒட்டிய ஒரு வருடம், வழக்கம்போல் அக்டோபரில் பழத்தை நறுக்கி ஊறப்போட்டாள். நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த வாரம், காலையில் பால் பாக்கெட்டை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் படுத்துக்கறேன் எமிலி, நீ காப்பி போட்டுக்கோ" என்றாள். நான் காப்பி போட்டுக்கொண்டேன். அவளுக்கும் போட்டேன்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போய், வாடகை நாற்காலிகளும் போய், வீடு ஒருவழியாகக் காலியான பிறகு சமையலறை அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் ஜாடி. யாருடைய அறிவிப்பும் போய்ச் சேராததால் உள்ளே பழம் தன்பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது.

அக்காவின் கைவேலை என்று வீட்டில் மிச்சமிருந்தது அதுதான். தைத்தது கிடையாது, பின்னியது கிடையாது. எதையும் எழுதிவைத்தவளும் இல்லை. எழுத்து வேலை முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு வாழ்க்கை முழுக்க அவள் செய்தது எல்லாம் சாப்பிட்டுத் தீர்ந்துவிடும் காரியங்கள். தீராமல் நின்றது இந்த ஒரு ஜாடி.

விதியும் விலக்கும்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் முதல் வருடம் பலகாரம் செய்யக் கூடாது. நட்சத்திரம் கட்டக் கூடாது. குடில் வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்து வீட்டார் தங்கள் பலகாரத்தில் முதல் பங்கைத் தட்டில் எடுத்துத் துக்க வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் இந்த விஷயத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே மதம்தான்.

அடையாற்றில் இருக்கும் என் சித்தி மகள் மேபல், முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவள், அதை நினைவுபடுத்தினாள்.

"இந்த வருஷம் அடுப்புல ஒண்ணும் வெச்சிடாத எமிலி. ஆகாது."

"சரி."

"அந்த ஜாடி வீணாத்தானே போகும்? எங்கிட்டக் குடேன். லூர்து ஞாபகமா நான் செஞ்சுக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அலுவலக மொழியில் இதற்கு 'முடியாது' என்று பொருள். மேபல் வங்கியில் வேலை பார்த்தவள். புரிந்துகொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள்.

அன்று முழுவதும் யோசித்தேன். புதிய பணி எதையும் தொடங்கத் தடை இருக்கிறது. ஏற்கெனவே தொடங்கி நடந்துகொண்டிருக்கும் பணிக்குத் தடை உண்டா? என் அனுபவத்தில் எந்தத் தடை உத்தரவும் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கேக் அக்டோபரிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அப்போது எங்கள் வீடு துக்க வீடு இல்லை. நான் செய்யப்போவது மீதியை முடித்து வைப்பது மட்டுமே.

இப்படி எனக்கு நானே ஒப்புதல் வழங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினேன்.

மாவு கலப்பதை வாசற்படியில் நின்று வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உள்ளே வர அனுமதி கிடையாது. ஆகவே வரிசை தெரியும், கை தெரியாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒரே பக்கமாகக் குழைக்க வேண்டும் என்று தெரியும். குழைத்தால் தோள்பட்டை கழன்று விழும் என்பது தெரியாது. நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்க வேண்டும். முதல் முறை கருக்கியது கரியாகிவிட்டது. வீடு முழுவதும் புகை. எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாக, "எமிலி, ஆத்துல ஏதாவது தீயறதா?" என்று குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லை மாமி, பழைய பேப்பர்" என்றேன்.

இரண்டாம் முறை சரியாக வந்தது. ஜாடியைத் திறந்து பழத்தைக் கொட்டினேன். அந்த வாசனை வந்தபோது, "தள்ளி நில்லுடி" என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானே கிளறி முடித்தேன்.

வீட்டில் கண்ணாடி மூடி வைத்த அலுமினிய மின்சார அடுப்பு ஒன்று உண்டு. தி.நகரில் ஆசையாக வாங்கியது. ஒரு மழைக்காலக் கிறிஸ்துமஸுக்கு, கேக் பாதி வெந்த நிலையில் மின்சாரம் போய், அது புட்டுக்கும் களிக்கும் நடுவில் ஒரு புது உணவாக வெளியே வந்தது. அன்றிலிருந்து அக்கா டின்னை பேக்கரி அடுப்புக்குத்தான் கொண்டுபோவாள். எங்கள் பகுதியில் வீட்டில் மாவு கலப்பவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ரொட்டி வேலை முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில், பல வீட்டு டின்கள் ஒன்றாக உள்ளே போகும்.

அத்தனை டின்களில் தன்னுடையதை அக்கா எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் யோசித்ததே இல்லை. பிறகு துரை சொல்லித்தான் தெரிந்தது. அவள் அடையாளம் எதுவும் வைக்க மாட்டாளாம். டின்னைக் கொடுத்துவிட்டு, பின்வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, ஜெபமாலை உருட்டியபடி, அது வெந்து வெளியே வரும்வரை உட்கார்ந்திருப்பாளாம்.

நான் உட்காரவில்லை. துக்க வீட்டுக்காரி பேக்கரி வாசலில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். சீட்டைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீக்கல் முறை

மறுநாள் காலை நான் போனபோது டின்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. நேராக முன்னால் இருந்த ஒரு கறுத்த வட்ட டின்னைத் துரை நீட்டினான். கயிறும் இல்லை, சீட்டும் இல்லை.

"சீட்டு எங்கே?"

"சாம்பலுமா. வோணும்னா அள்ளித் தரேன்."

"அப்ப இது என்னுதுன்னு எப்படித் தெரியும்?"

"மீதி கீறதெல்லாத்துலயும் அடையாளம் கீது. இதுல இல்ல. அப்ப உன்து."

நீக்கல் முறையில் அடையாளம் காண்பதை அலுவலக நடைமுறை அனுமதிக்கிறது. நானே பல கோப்புகளை அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு வந்தேன். துணியால் மூடி, அக்கா வைக்கும் இடத்திலேயே வைத்தேன். பண்டிகை நாள் காலைப் பூசைக்கு முன்னால் கத்தி படக் கூடாது. அது அவள் விதி.

கிறிஸ்துமஸ் அன்று காலை தனியாகக் கோயிலுக்குப் போனேன். என் பக்கத்தில் அக்காவின் இடம் காலியாக இருந்தது. சற்று நேரத்தில் குடும்பமாக வந்தவர்கள், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்றார்கள். தள்ளிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, கை கழுவி, மேஜை முன்னால் உட்கார்ந்து வெட்டினேன்.

உள்ளே சிவப்பு. பச்சை. முழுசு முழுசாகத் திராட்சை. ரம் வாசனை இல்லை. அடியில் ஐந்தாறு முழு முந்திரிகள் மாவுக்குள் முழுகிக் கிடந்தன. எங்கள் வீட்டு மேஜையில் பப்பாளிக் காய்.

கத்தியைக் கீழே வைத்தேன். அக்கா நறுக்கிய ஒவ்வொரு திராட்சையும் இப்போது யாரோ ஒரு வீட்டில், யார் நறுக்கியது என்று தெரியாமல், வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தேன்.

"மேல முந்திரி குத்தறது யாருப்பா?" என்று துரையைக் கேட்டேன்.

"பாதிப் பேரு குத்துவாங்கோ."

"குத்தினது உள்ளே முழுகிப் போயிருக்கு."

துரை தலையைச் சொறிந்தான். "அப்போ டெய்சிதாம்மா. பின்சந்து டெய்சி. முந்திரில சிலுவ குத்தும். மாவு தண்ணியா கலக்கும், நான்கூட சொல்லிக்கிறேன். ஏன், மாறிட்ச்சா?"

"நீதானே எடுத்துக் குடுத்தே!"

"நீ கெட்டி அட்டைன்னு சொன்னியேமா" என்றான் துரை.

முதல் பங்கு

டெய்சியை எனக்குக் கோயிலில் தெரியும். பாடகர் குழுவில் முதல் வரிசை. வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள். கணவன் ஆட்டோ ஓட்டுபவன். சந்து முழுவதும் காகித நட்சத்திரங்கள் மழையில் நனைந்து தொங்கின. வீட்டுக்கு வீடு பெண்கள் துணி மூடிய தட்டுகளோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். எந்தத் தட்டில் அக்காவின் பழம் போகிறதோ என்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் நாற்காலி போட்டு அவள் மாமியார் அந்தோணியம்மா உட்கார்ந்திருந்தார்.

"அடடே, ஆபீசரம்மாவா! வா வா. ஏ டெய்சி, யாரு வந்துகிறாங்கோ பாரு!"

டெய்சி ஈரக்கையோடு ஓடிவந்தாள். என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி, நானே வரணும்னு இருந்தேன். வூட்ல ஆளு மேல ஆளு வந்துகினே இருந்தாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

நான் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பொருளின் விவரம், தவறு நேர்ந்த விதம், கோரும் நிவாரணம். முதல் வாக்கியத்துக்கு வாய் திறப்பதற்குள் அந்தோணியம்மா தொடங்கிவிட்டார்.

"இந்த தபா கேக்கு துண்ணு பாக்கணும் நீ. கண்ணாலம் ஆயி வந்ததுலேந்து இவ செய்யற கேக்க நான் தண்ணி ஊத்தித்தான் முழுங்குவேன். இந்த வருஷம் இன்னா ருசி! பழத்த இன்னா பொடிசா நறுக்கிக்கிறா! சந்து பூரா கேட்டு வாங்கினு போச்சு. நான் வாயத் தொறந்தே சொல்லிட்டேன், என் மருமவ கைல இப்டி ஒரு கேக்கான்னு."

டெய்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்க இருக்குது ஆன்ட்டி, தொடச்சிட்டாங்க. உங்களுக்கு எடுத்து வெச்சது மட்டும்தான் கீது." உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். மேலே பூப்பின்னல் போட்ட துணி. "துக்க வூட்டுக்குன்னு மொதல்ல வெட்டி வெச்சிட்டேன். அத யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

துணியை விலக்கினாள். இரண்டு துண்டு. கருத்த, நெருக்கமான, ஈரப் பளபளப்பு கொண்ட துண்டுகள். ஆரஞ்சுத் தோல் நூல் நூலாகத் தெரிந்தது.

"துண்ணு பாத்து சொல்லு" என்றார் அந்தோணியம்மா. "நீ படிச்சவ, கரெக்டா சொல்லுவ."

பழக்க தோஷம். "பரிசீலிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"நல்ல கதையா கீதே! கேக்கு துண்றதுக்கும் மனு போடணுமா?" அந்தோணியம்மா தொடையில் தட்டிச் சிரித்தார்.

தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். டெய்சி சந்து முனைவரை கூடவே வந்தாள். யாரும் இல்லாத இடம் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, உங்களாண்ட மட்டும் சொல்றேன். அது என் கேக்கே இல்ல. அடுப்பாண்ட மாறிட்ச்சி. வெட்டினதும் தெரிஞ்சிட்ச்சி. அதுக்குள்ள எங்க அத்த ஒரு துண்டு வாய்ல போட்டுகினு நல்லாருக்குன்னு சொல்லிட்ச்சி. இத்தினி வருஷத்துல மொத தபா. அப்பால நான் இன்னாத்த சொல்றது?"

நான் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"யாருதுன்னும் தெரியல. என் கேக்கு எந்த வூட்டுக்குப் போச்சோ. அவங்கோ என்னத் திட்டினு இருப்பாங்கோ, இல்ல?"

"திட்டமாட்டாங்க" என்றேன்.

என் வீட்டை அவள் நினைக்கவே இல்லை. நினைக்க வழியும் இல்லை. துக்க வீட்டில்தான் அடுப்பு வைக்க மாட்டார்களே.

பரிசீலனைக் காலம்

முதல் துண்டை அன்று மத்தியானம் சாப்பிட்டேன். மெதுவாக, ஒவ்வொரு பழத்தையும் நாக்கால் தேடித் தேடி. நான் குழைத்த வெண்ணெய் கொஞ்சம் போதவில்லை, கருக்கிய சர்க்கரையில் லேசான கசப்பு. அதையெல்லாம் அந்தப் பழம் பொறுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது துண்டை வெண்ணெய்த் தாளில் சுற்றி ஜாடிக்குள் வைத்து மூடினேன். ஜாடியில் ரம் வாசனை இன்னும் இருந்தது.

பிறகு வந்த நாட்களில் டெய்சியின் கேக்கைச் சாப்பிட்டேன். காலையில் காப்பியோடு ஒரு துண்டு. இனிப்பு சற்றுத் தூக்கல், மற்றபடி குற்றம் சொல்ல எதுவுமில்லை. மயிலாப்பூர்ப் பக்கமிருந்து விடிகாலையில் மார்கழி பஜனை ஒலிபெருக்கியில் வந்தது. சாயங்காலங்களில் கச்சேரிக்குப் போகும் எதிர்வீட்டு மாமி பட்டுப்புடவை சரசரக்கப் படியிறங்குவார். "நீயும் வாயேன் எமிலி, கேன்டீன்ல அடை நன்னாருக்காம்" என்பார். இன்னொரு நாள் என்பேன். கதவைச் சாத்திவிட்டு வந்தால் பேச்சுக்கு ஆள் கிடையாது. வீட்டில் யாரும் "எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. யாராவது கேட்டால்தான் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்ல முடியும்; இல்லாவிட்டால் அது வெறும் காலதாமதம்.

மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. ஜாடியைத் திறந்து கடைசித் துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். சமையலறையைப் பார்த்தேன். ஈயம் பூசிய பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. கரண்டிகள் ஆணியில் தொங்கின.

சொல்ல வரவில்லை. பாத்திரங்களிடம் சொல்வதற்கு ஒரு வரம்பு இருக்கிறது.

அப்போதுதான் தட்டு கண்ணில் பட்டது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. துக்க வீடானால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும். சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். மூடினேன். டெய்சியின் கேக்கில் மிச்சமிருந்த பகுதியை எடுத்து, முந்திரிகள் முழுகிய அடிப்பாகம் மேலே தெரியும்படி கவிழ்த்துத் தட்டில் வைத்தேன். அவளுடைய பூப்பின்னல் துணியால் மூடினேன்.

பின்சந்தில் அந்தோணியம்மா பூசைக்குப் போயிருந்தார். டெய்சி தனியாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம்" என்றபடி வாங்கித் துணியை விலக்கினாள். சிவப்பையும் பச்சையையும் பார்த்தாள். முந்திரிகளைப் பார்த்தாள். அவள் கால் மிஷின் மிதியிலிருந்து கீழே வந்தது.

"அப்போ அந்தக் கேக்கு உங்க வூட்டுதா ஆன்ட்டி?"

"அக்கா நறுக்கினது. அக்டோபர்ல."

டெய்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"சந்து பூரா குடுத்துட்டேனே ஆன்ட்டி. அல்லா வூட்டுக்கும்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "எப்டி இருந்துச்சி? அன்னிக்கி நீங்க ஒண்ணுமே சொல்லலயே."

நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆகவே எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நல்லாயிருந்தது" என்றேன்.

டெய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே லேசாகச் சிரித்தாள். "இத சொல்றதுக்கு இத்தினி நாளா ஆன்ட்டி?"

இதற்கு ஒரு பதில் இருக்கிறது. வருடாவருடம், இதே திருநாளில், தவறாமல் சொல்லிவந்த பதில். கடைசித் துண்டு அன்று உண்மையிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.